சேன் தீவும் அதன் முதுசொமும்

முதுசொம், தேடியதேட்டம் என்னும் இரு சொற்கள் நம்மவரிடையே பண்டுதொட்டு வழங்கி வருவன. முன்னோர் வழியாக வந்தடைந்த பொருள் முதுசொம். இல்லறம் நடத்துங் காலத்தில் முயன்று சேர்த்த பொருள் தேடியதேட்டம். காணிக்கும் வீட்டுக்கும் நாம் வழங்கும் இவ்வேறுபாடு ஓர் ஊரின் மரபுச் செல்வத்துக்கும் பொருந்துமென்றே தோன்றுகின்றது. ஊர்ப்பெருமை பேசுவோர் பெரும்பாலும் பழைய கோயிலையும் கல்லையும் கட்டடத்தையுமே சுட்டுவர். அவை முன்னோர் விட்டுச் சென்றவை. ஆயின், ஒரு தலைமுறை தான் வாழுங் காலத்திலே, தன் துணிவினால் ஊருக்குத் தேடி வைக்கும் செல்வமும் ஒன்றுண்டு. அது பின்வருவோர்க்கு முதுசொமாகின்றது. இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குவது பிரான்சு தேசத்தின் மேற்குக் கடலிலுள்ள சேன் என்னுஞ் சிறு தீவு.

பிரான்சின் வடமேற்கே அத்திலாந்திக்குப் பெருங்கடலுள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரெட்டனி எனப்படும். ஏறத்தாழக் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரித்தானியத் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் பிரெட்டன் மொழி பிரெஞ்சு மொழியின் கிளையன்று. வேல்சு மொழிக்கு உறவான கெல்த்திய மொழி அது. அந்நிலத்தின் மேற்கோடியிலுள்ள மாவட்டத்துக்குப் பினிஸ்தேர் என்று பெயர். நிலத்தின் முடிவு என்பது அதன் பொருள். அங்குள்ள ராஸ் முனையில் நின்று மேற்கே நோக்கினால், ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றருக்கு அப்பால், கடலோடு கடலாய்க் கிடக்கும் மெல்லிய கோடொன்று தென்படும். அதுவே சேன். பிரெட்டன் மொழியில் அதனை எனெஸ் சுன் என்பர்.

தீவின் நீளம் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். அதன் பரப்பு ஒரு சதுர கிலோமீற்றரில் பாதிக்குச் சற்றே கூடியது. கடல் மட்டத்துக்கு மேல் அதன் சராசரி உயரம் ஒன்றரை மீற்றர் அளவே. ஆங்கு மரங்கள் இல்லையென்றே கூறலாம். வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன; அவற்றிடையே செல்லும் ஒழுங்கைகள் மிகக் குறுகியவை. காற்றின் வேகத்தைத் தடுக்கும் பொருட்டே முன்னோர் இவ்வாறு அமைத்தனர். அவ்வொழுங்கைகளில் மோட்டார் வண்டி ஓடுவதில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள நீரிணையிற் கடலோட்டம் மிகக் கடியது. தீவின் மேற்கே நீருக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் பல கிலோமீற்றர் தூரம் பாறைத்தொடர் செல்கின்றது. சேனைக் கண்டவன் தன் முடிவைக் கண்டான் என்று பழைய மாலுமிகள் கூறியது இது பற்றியே.

இத்துணைச் சிறிய, இத்துணைத் தாழ்ந்த நிலத்திலே மக்கள் ஏன் வாழ்ந்தனர் என்னும் வினா எவர்க்கும் எழுவதே. ஆயினும் அவர்கள் மிகப் பழங்காலந்தொட்டே ஆங்கு வாழ்ந்திருக்கின்றனர். ஊர்த் தேவாலயத்தின் அருகே இரண்டு நெடுங்கற்கள் நாட்டப்பட்டுள்ளன. வரலாற்றுக் காலத்துக்கு முற்பட்ட மக்கள் நிறுத்திய கற்கள் அவை. ஒன்றையொன்று நோக்கி உரையாடுவோர் போல அவை நிற்றலின், ஊரவர் அவற்றைப் பேசுவோர் என்று அழைக்கின்றனர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் புவியியலாசிரியர் பொம்போனியஸ் மேலா, செனா என்னுந் தீவைக் குறிப்பிடுகின்றார். அங்கே கன்னிமை காத்த ஒன்பது பூசாரிணிகள் இருந்தனரென்றும், அவர்கள் தம் மந்திரப் பாட்டாற் கடலையும் காற்றையும் எழுப்ப வல்லவரென்றும், பிறரால் தீர்க்கலாகாத நோயைத் தீர்க்க வல்லவரென்றும் அவர் எழுதினார். இச்செய்தியை வரலாறாகக் கொள்ளுதற்குப் போதிய சான்றில்லை. எனினும், இத்தீவு அக்காலத்திலேயே தொலைவிலுள்ளார்க்கு அச்சமும் வியப்பும் விளைத்த இடமாயிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

இனி, அம்மக்களின் வாழ்க்கை முறையை நோக்குவோம். நெய்தல் நில வாழ்க்கையிற் பல இடங்களிலும் காணப்படுவது போல ஆங்கும் ஆடவர்க்குக் கடல், பெண்டிர்க்கு நிலம் என்ற பிரிவு இருந்தது. ஆடவர் சிறு படகேறிச் சிங்க இறாலும் மீனும் பிடித்தனர். பெண்டிர் பாய் விரித்தாற் போன்ற சின்னஞ்சிறு நிலத்துண்டுகளைக் கொத்தி வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். அத்துண்டுகளைச் சுற்றிச் சாந்து பூசாமற் கற்களை அடுக்கிய தாழ்ந்த மதில்கள் உண்டு. மண் பறந்து போகாமலும் உப்புக் காற்றுப் பயிரைக் கருக்காமலும் அவை காத்தன. கரையில் ஒதுங்கும் கடற்பாசியைப் பெண்டிரே வாரிச் சுமந்து, உலர்த்தி, கல்லால் அமைத்த நீண்ட குழிகளில் எரித்தனர். அச்சாம்பலிலிருந்து பெருநிலத்துத் தொழிற்சாலைகளில் அயடீன் எடுக்கப்பட்டது. குடிநீருக்கு மழையையே பெரிதும் நம்பியிருந்தனர்.

தீவுப் பெண்டிர் அணிந்த கருநிறத் தலையணிக்கு ஜிபிலினென் என்று பெயர். பிரெட்டனியின் ஏனைய ஊர்களிற் பெண்டிரின் தலையணி பெரும்பாலும் வெண்ணிறமானது. சேனில் அது கருமையானதற்கு ஒரு காரணம் கூறப்படுகின்றது. 1885ஆம் ஆண்டு வாந்திபேதி நோய் தீவிற் பரவிப் பலரைக் கொண்டது. அத்துயரின் அடையாளமாக அணிந்த கருந்துணி, துயர் நீங்கிய பின்னரும் நீக்கப்படவில்லை. கணவனையோ மகனையோ தமையனையோ கடலுக்குப் பறிகொடாத வீடு அரிதாயிருந்த ஊரிலே, அதனை நீக்குதற்கு ஏற்ற நாள் வரவில்லை போலும். இன்று அவ்வணியை விழா நாட்களிலும் நூதனசாலையிலுமே காணலாம்.

சமயத் துறையிலும் இத்தீவுக்குத் தனி வரலாறு ஒன்றுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்குச் சென்று தங்கக் குருமார் எவரும் முன்வராத காலம் ஒன்றிருந்தது. அப்போது தீவிற் பிறந்த மீனவர் ஒருவரே மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தி வந்தார். பின்னர் அவரே குருப்பட்டம் பெற்றுத் தம்மூர்க்குக் குருவானவராயினர். இவ்வரலாற்றைத் தழுவி ஆன்றி கெஃபெலெக் என்னும் பிரெட்டன் எழுத்தாளர் 1944இல் நாவலொன்று வெளியிட்டார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. இன்றுள்ள குவெனொலே முனிவர் தேவாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டத் தொடங்கப்பட்டது. அதற்கு வேண்டிய கற்களைச் சுமந்தவர் தீவு மக்களே.

கடல் பலமுறை தீவின் மேல் ஏறியிருக்கின்றது. 1868ஆம் ஆண்டிலும் 1896ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த பெருவெள்ளங்கள் இன்றும் நினைக்கப்படுவன. இவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, பிரெட்டனியில் அரசனது பிரதிநிதியாயிருந்த ஏகியோன் கோமகன், தீவு மக்களின் இடரைக் கண்டு இரங்கி, அவர்களைப் பெருநிலத்துக்கு அழைத்து நிலம் வழங்கிக் குடியேற்ற முன்வந்தார். மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் இத்தீவார்க்கு வரி விலக்கு அளிக்கப்பட்டதென்பர். இயற்கையே வேண்டிய வரியெல்லாம் வாங்கிவிட்ட இடத்தில் அரசன் வாங்குதற்கு யாதுளது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயமாம். ஆக, மன்னரும் கோமகனும் இரங்கத்தக்க நிலையிலிருந்த அம்மக்கள், தம் நிலைக்குத் தாம் இரங்கவில்லை. தம் பாறையை விட்டு நீங்கோம் என்னும் உறுதியே அவர்தம் முதற்பெருஞ் செல்வம் எனலாம்.

அவ்வுறுதி வெறும் பிடிவாதமன்று என்பதற்கு அர்-மென் வெளிச்சவீடு சான்று. 1859ஆம் ஆண்டு போர்க்கப்பலொன்று தீவின் மேற்கேயுள்ள பாறைத்தொடரில் மோதி அழிந்தது. அத்தொடரின் கடைக்கோடியில் வெளிச்சவீடு ஒன்று வேண்டுமென்று அரசாங்கம் அதன் பின் தீர்மானித்தது. தெரிந்தெடுக்கப்பட்ட பாறையோ கடல் நன்கு வற்றும் வேளையில் மட்டும் சிறிது தலைகாட்டுவது. தீவிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பிரெட்டன் மொழியில் அர் மென் என்றாற் கல் என்பதே பொருள். அக்கல்லின் அமைப்பையும் நீரோட்டத்தின் போக்கையும் அறிந்தவர் சேன் மீனவரன்றி வேறெவருமிலர். ஆதலின் அவர்களே வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

1867ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. தக்கையாலான மிதவைக் கச்சையை உடலிற் கட்டிக்கொண்டு மீனவர் பாறையின் மேற் குதிப்பர். குப்புறப் படுத்து, ஒரு கையாற் பாறையைப் பற்றிக்கொண்டு, மற்றைக் கையாற் கருவியைப் பிடித்துத் துளையிடுவர். அலை அவர்கள் மேலாகப் புரண்டு செல்லும். எவரையேனும் அலை இழுத்துச் சென்றால், அருகில் நிற்கும் படகு அவரை மீட்டுக்கொண்டு வரும். அவ்வாண்டு முழுவதும் ஏழு முறை மட்டுமே பாறையில் இறங்க முடிந்தது, மொத்தம் எட்டு மணி நேரமே வேலை நடைபெற்றது, துளைகள் பதினைந்து. அடுத்த ஆண்டிற் பதினாறு முறை இறங்கினர், பதினெட்டு மணி நேரம் வேலை செய்தனர், துளைகள் நாற்பது. அத்துளைகளில் இரும்புத் தண்டுகளை நாட்டி, அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு கல்லும் சாந்துமாகக் கட்டி எழுப்பினர். 1881ஆம் ஆண்டு விளக்கு ஏற்றப்பட்டது. ஓராண்டில் எட்டு மணி நேர வேலைதானே நடந்தது என்று சோர்ந்து விட்டிருந்தால் அவ்விளக்கு ஒருபோதும் எரிந்திராது. அங்குக் காவலிருந்தோர் அதனை நரகங்களுள் நரகம் என்றனர். 1990ஆம் ஆண்டு அது தானியங்கியாக மாற்றப்பட்டது. அன்றுதொட்டு ஆங்கு ஆளில்லை.

கப்பல்கள் உடைந்த இடத்திற் பொருள் பொறுக்குவோர் என்னும் பழிப்பெயர் முற்காலத்தில் இத்தீவார்க்கு இருந்தது. கரையொதுங்கிய மரமும் சரக்கும் மரமில்லாத தீவுக்கு இறைவன் அனுப்பிய பொருளாக எண்ணப்பட்டதில் வியப்பில்லை. ஆயின், பின்னாளில் இதே மக்கள் உடைந்த கப்பல்களிலிருந்து உயிர்களைக் காத்தமைக்காகப் புகழ் பெற்றனர். தீவில் உயிர்காப்புப் படகு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது; ஊதியமின்றித் தொண்டு செய்யும் ஊரவரே அதிற் செல்வர். தம்மைக் காத்துக்கொள்வதே அரிதான இடத்தில் வாழ்வோர், பிறரைக் காத்தலைத் தம் கடனாகக் கொண்டமை ஈண்டு நினைவு கொள்ளற்பாலது. பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள அது துணைபுரியும்.

இனி 1940ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு யூன் மாதத்திற் பிரான்சு ஜேர்மனியிடம் தோற்றது. புதிய அரசாங்கம் போர்நிறுத்தம் வேண்டிற்று. யூன் 18ஆம் நாள் இலண்டன் வானொலியில் தெகோல் என்னும் படைத்தலைவர், போர் முடிந்துவிடவில்லை, போரிட விரும்புவோர் தம்மிடம் வருக என்று அழைத்தார். அப்பொழுது அவர் பெயரை அறிந்தோர் பிரான்சிலே மிகச் சிலர். சேன் தீவிலும் வானொலிப் பெட்டிகள் சிலவே இருந்தன. அடுத்த சில நாட்களில் அவ்வழைப்பு மீண்டும் ஒலிபரப்பப்பட்டபோது, துறைமுகத்தருகே வானொலிப் பெட்டியொன்றைச் சுற்றி ஊர் கூடிக் கேட்டது. ஜேர்மன் படை பெருநிலக் கரையை அடைந்துவிட்டது என்ற செய்தியும் வந்தது.

யூன் 24ஆம் நாள் வெலெதா, ருவானெஸ் ஆர் மோர் என்னும் இரு படகுகளும், 26ஆம் நாள் வேறு மூன்று படகுகளும் தீவின் ஆடவரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டன. சென்றோர் 128 பேர் எனப் பொதுவாகக் கணக்கிடுவர். பதினான்கு வயதுச் சிறுவன் முதல் ஐம்பதைக் கடந்தோர் வரை அவர்களுள் இருந்தனர். தந்தையும் மைந்தரும் ஒரே படகிற் சென்றனர். குருவானவர் அவர்களை ஆசீர்வதித்து அனுப்பினார். தீவில் எஞ்சியோர் பெண்டிர், குழந்தைகள், முதியோர் ஆகியோரே. இலண்டனிற் கூடிய முதற் தொண்டர்கள் சில நூற்றுவரைத் தெகோல் பார்வையிட்டபோது, ஒவ்வொருவரும் தம் ஊர் சேன் என்று கூறக் கேட்டு, அப்படியாயின் பிரான்சின் காற்பங்கு சேன் தீவோ என்று அவர் வியந்தாரெனக் கூறுவர்.

இச்செயலின் தன்மையைச் சற்று ஆராய்தல் வேண்டும். கடல் வீட்டுக்குள் வந்த போதும் இத்தீவார் நீங்கவில்லை. வளமான நிலம் தருவோம் என்ற போதும் நீங்கவில்லை. நோய் வந்தும் நீங்கவில்லை. நூற்றாண்டுகளாக நீங்காத மக்கள், தம் பெயரையும் அறியாத ஒருவரின் அழைப்புக் கேட்டுச் சில நாட்களுள் நீங்கினர். இது முரண்பாடு போலத் தோன்றும், ஆயின் முரண்பாடன்று. தம் நலத்துக்காக நீங்க மறுத்தவர் அவர். தம் நாட்டு விடுதலைக்காக நீங்கியவரும் அவரே. இரண்டிலும் தம் உயிர் நலத்தை அவர் முன்வைக்கவில்லை. பாறையில் ஒரு கையாற் பற்றி மறு கையாற் துளையிட்டவரின் பேரர் வேறு எவ்வாறு நடந்திருக்கக் கூடும்?

எஞ்சிய பெண்டிரின் துணிவையும் நாம் மறத்தலாகாது. வரலாற்று நூல்கள் புறப்பட்ட ஆடவரையே பெரிதும் பேசுகின்றன. ஆயின், உழைப்பாளர் ஒருவருமில்லாத வீடுகளில், பகைவர் படை காவலிருக்க, நான்கு ஆண்டுகள் குழந்தைகளையும் முதியோரையும் காத்தவர் அப்பெண்டிரே. சென்றவர் உயிரோடுளரா என்பதும் அவர்க்குத் தெரியாது. 1944ஆம் ஆண்டு பின்வாங்கிச் சென்ற ஜேர்மன் படை தீவின் பெரிய வெளிச்சவீட்டை வெடிவைத்துத் தகர்த்தது. 1839ஆம் ஆண்டு தொடக்கம் ஒளி வீசிய வெளிச்சவீடு அது. இன்று ஆங்குள்ளது 1952இல் ஒளியேற்றப்பட்ட புதிய கட்டடம்.

போர் முடிந்த பின்னர், விடுதலைத் தோழர் என்னும் உயர்ந்த விருது 1946ஆம் ஆண்டு தொடக்கத்திற் சேன் தீவுக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற தனியாட்கள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். பெற்ற ஊர்களோ ஐந்தே. பாரிசு, நாந்து, கிரெனோபிள், வசியூ, சேன் என்பன அவை. தலைநகரும் பெருநகரங்களும் அமர்ந்த வரிசையில் இச்சிறு மீனவர் ஊரும் இடம்பெற்றது. அவ்வாண்டு ஓகத்து மாதம் தெகோல் நேரில் வந்து விருதை அளித்தார். 1960ஆம் ஆண்டு செத்தெம்பர் 7ஆம் நாள், சனாதிபதியாக மீண்டும் வந்து, பிரெட்டன் சிற்பி ரெனே கிவிலிக் வடித்த நினைவுச்சின்னத்தைத் திறந்து வைத்தார். அதிற் பிரெட்டன் மொழியில் ‘சாவதே மேல்’ எனப் பொருள்படும் இரு சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சென்றவருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மீளவில்லை.

இத்துணைப் பெருமை வாய்ந்த தீவின் இன்றைய நிலை யாது? 1936ஆம் ஆண்டு அங்கு வாழ்ந்தோர் 1,300 பேருக்கு மேல். இன்று பதிவிலுள்ளோர் சில நூற்றுவரே. மாரிகாலத்தில் உண்மையாகத் தங்குவோர் அதனினும் குறைவு. மீன்பிடி சுருங்கிற்று. இளைஞர் வணிகக் கப்பல்களிலும் பெருநிலத்து நகரங்களிலும் தொழில் தேடிச் சென்றனர். பல வீடுகள் கோடையில் மட்டும் திறக்கப்படுவன. பாட்டியர் பேசிய பிரெட்டன் மொழி, பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் விலக்கப்பட்டமையாலும், நாளடைவிற் பெற்றோர் பிள்ளைகளோடு பேசாது விட்டமையாலும் அருகிற்று. கடும் இடரிலுள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனைக் குறித்துள்ளது. மின்சாரத்தைத் தீவுக்குள்ளேயே பிறப்பிக்க வேண்டும்; கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கவேண்டும். புவி வெப்பமடைதலாற் கடல் மட்டம் உயர்ந்து வருங் காலத்தில், ஒன்றரை மீற்றர் உயரத்தில் வாழ்வோர்க்குப் பழைய வினா மீண்டும் எழுகின்றது: நீங்குவதா, நிலைப்பதா?

ஆசிரியராகிய எம்மைக் கவர்ந்த செய்தி ஒன்றையும் கூறல் வேண்டும். 1975ஆம் ஆண்டு, பிரெட்டனியின் மேற்குத் தீவுகளிற் சிலவற்றை ஒன்றிணைத்து இடைநிலைப் பாடசாலை ஒன்று அமைக்கப்பட்டது. மாணவர் பதின்மரே இருப்பினும் அவரைப் பெருநிலத்து விடுதிக்கு அனுப்பாது, ஆசிரியரே தீவுக்குத் தீவு சென்று கற்பிக்கும் ஒழுங்கு அது. பிள்ளை பதினோராம் வயதில் ஊரை விட்டுச் சென்றால், அதன் பின்னாற் குடும்பமும் செல்லும். குடும்பம் சென்றால் ஊர் வெறிதாகும். இதனை உணர்ந்தோர் கண்ட வழி இது. ஓர் ஊரைக் காப்பதில் வகுப்பறைக்குரிய பங்கு எத்துணைப் பெரிது என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

முதுசொம் என்பது உரித்தாளி ஒருவன் இருக்கும் வரையே முதுசொம். பேசும் கற்களையும் அர்-மென் வெளிச்சவீட்டையும் அரசாங்கம் பேணலாம். 1940இற் சென்ற படகுகளுள் ஒன்று இன்றும் பேணப்பட்டு வருகின்றது. மீனவர் தங்குமிடமாயிருந்த இல்லம் நூதனசாலையாயிற்று. இவை வேண்டியனவே. ஆயின், கடலோட்டத்தை அறிந்து படகோட்டும் கையும், புயலில் உயிர்காப்புப் படகேறும் துணிவும், மாரியிலும் விளக்கெரியும் வீடும் நூதனசாலையில் வைத்துப் பேணத் தக்கனவல்ல. அவை ஆங்குக் குடியிருப்போரால் மட்டுமே நிலைபெறுவன. சேன் மக்கள் இதுவரை தம் பாறையைக் கைவிடவில்லை. அவர்கள் எண்ணிக்கையிற் சிறுத்துவிட்டனர். எனினும் கடலெல்லையில் அவ்வூரின் விளக்கு இன்னும் எரிகின்றது. அதனை அணையாது காத்தல் அவர்தம் இத்தலைமுறையின் தேடியதேட்டமாக அமையும் என நம்புவோமாக.